ஆளை வெளியேற்றினால் தீவு பிழைத்துவிடுமா? சாகோஸும் பிரிட்டனின் மற்ற தீவுகளும்

தாழம்பூ எழுதியது:

வணக்கம். பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன மாதம் இந்தியப் பெருங்கடல் வரைபடத்தைப் பலகையில் மாட்டியிருந்தபோது, மாலத்தீவுக்கு நேர் கீழே இருந்த புள்ளிகளைத் தொட்டு ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், இது ஏன் பிரிட்டன்னு போட்டிருக்கு? அவங்கதான் எல்லா ஊரையும் விட்டுப் போயிட்டாங்களே?" அன்றைக்குச் சுருக்கமாக ஒரு பதில் சொன்னேன். மனசு ஆறவில்லை. அன்றிலிருந்து இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் புரிந்ததை வைக்கிறேன், விஷயம் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

பிரிட்டன் கையில் இன்றும் 14 பகுதிகள் இருக்கின்றன. முன்பு குடியேற்றங்கள் என்றார்கள். 1981 சட்டத்தில் "சார்பு நிலப்பகுதிகள்" ஆயின. 2002இல் அந்தப் பெயரையும் எடுத்துவிட்டுக் "கடல்கடந்த நிலப்பகுதிகள்" என்று மாற்றினார்கள். மக்கள் வாழும் தீவுகளில் அநேகமாக ஓர் ஆளுநர் இருப்பார், ராணுவமும் வெளியுறவும் லண்டன் வசம். காடு, கடல், மீன், குப்பை எல்லாம் பெரும்பாலும் உள்ளூர் அரசின் தலையில். லண்டன் நாடாளுமன்றத்தில் இவர்கள் யாருக்கும் ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. ஆனால் பிரிட்டனுக்கே உரிய உயிரினங்களில், அதாவது உலகில் வேறெங்கும் இல்லாதவற்றில், 90 விழுக்காட்டுக்கு மேல் இந்தத் தீவுகளில்தான் இருக்கின்றனவாம். அந்த எண்ணைப் பார்த்து அசந்துபோனேன்.

அந்தப் பெண் தொட்ட புள்ளிகள் சாகோஸ். மொரீஷியஸ் விடுதலை பெறுவதற்கு முன்பே, 1965இல், 30 லட்சம் பவுண்டு கொடுத்து அதிலிருந்து இவற்றை வெட்டி எடுத்தார்கள். இவற்றில் பெரிய தீவான டியேகோ கார்சியாவை அமெரிக்கப் படைத்தளத்துக்குக் கொடுத்தார்கள். 1968 முதல் 1973 வரை அங்கிருந்த 1,500 முதல் 2,000 பேரை மொரீஷியஸுக்கும் செஷல்ஸுக்கும் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் 2010 ஏப்ரல் 1 அன்று, ஆளில்லாத அந்தக் கடலில் 6,40,000 சதுர கி.மீ. பரப்பை மீன்பிடிக்கே இடமில்லாத காப்பகம் என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு.

என் கேள்வி இதுதான். அது கடலைக் காப்பாற்றிய செயலா, கதவைப் பூட்டிய செயலா? பிள்ளைகளுக்கு நான் எப்படிச் சொல்வது?


அலையாத்தி எழுதியது:

டீச்சர், நான் பவளப்பாறை ஆய்வில் இருப்பவள். முதலில் காப்பகத்தின் பக்கம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் அதைப் பேசவும் ஆள் வேண்டும்.

சாகோஸ் பவளப்பாறைகள் இந்தியப் பெருங்கடலில் மிச்சமிருக்கும் நல்ல பாறைகளில் முன்வரிசை. 1998இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தபோது அங்கேயும் பெரும் சாவு விழுந்தது. ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பல இடங்களில் மீண்டு வந்தது. சாக்கடை, மண் அரிப்பு, வெடிவைத்து மீன்பிடிப்பு இவை எதுவும் இல்லாததால் அந்த வேகம். 2015, 2016இல் மறுபடியும் அடி. எங்களைப் போன்றவர்களுக்கு அது ஓர் ஒப்பீட்டு இடம். மனிதன் தொடாத பாறை எப்படி இருக்கும் என்று காட்ட உலகில் அப்படி அதிக இடங்கள் இல்லை.

ஆனால் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். 2018இல் நேச்சர் இதழில் சாகோஸ் பற்றி ஓர் ஆய்வு வந்தது. தேங்காய்த் தோட்டக் காலத்தில் கப்பலோடு எலி வந்து சேர்ந்த தீவுகளையும், எலியே போகாத தீவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எலி இல்லாத தீவில் கடற்பறவைகளின் அடர்த்தி 760 மடங்கு. பறவை எச்சத்தால் மண்ணில் சேரும் நைட்ரஜன் 251 மடங்கு. மழை பெய்தால் அந்தச் சத்து வழிந்து பாறைக்குப் போகிறது, அங்கே மீன் வேகமாக வளர்கிறது. எலி உள்ள தீவில் முட்டையும் குஞ்சும் எலிக்குப் போகின்றன. பறவை இல்லை, எச்சம் இல்லை, பக்கத்துப் பாறை மெலிந்து கிடக்கிறது.

அந்த ஆய்வை முதன்முதல் படித்தபோது எனக்குத் தோன்றியது: மனிதர்களை ஏற்றி அனுப்பிவிட்டார்கள், எலி அங்கேயேதான் இருக்கிறது. கவனிப்பாரற்ற தென்னந்தோப்புகள் காடாகப் பின்னிக்கொண்டு கிடக்கின்றன. காய் விழுந்து, விழுந்த இடத்திலேயே முளைத்து, அடியில் வெளிச்சமே படாத புதர். நாட்டு மரங்கள் இல்லை, பறவை கூடு கட்டவும் இடமில்லை. அதைச் சரிசெய்ய ஆள் போய்த்தான் ஆக வேண்டும்.


தாழம்பூ எழுதியது:

அலையாத்தி, நன்றி. இதை நான் எங்குமே பார்க்கவில்லை. தென்னை விஷயம் எனக்கு நெருக்கமாகப் பட்டது, கேள்வி கேட்ட அந்தப் பெண்ணின் வீட்டில் கொப்பரைக் களம் இருக்கிறது.


கருப்பு அங்கி எழுதியது:

சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். டீச்சரின் கேள்விக்குப் பாதி விடை அதில் இருக்கிறது.

சாகோஸுக்குக் கொடுத்த பெயர் பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் நிலப்பகுதி. அதன் ஆணையர் லண்டனில் வெளியுறவு அலுவலகத்தில் உட்காரும் ஓர் அதிகாரி. சட்டமன்றம் கிடையாது, வாக்காளர் கிடையாது, ஆணையர் கையெழுத்துப் போட்டால் அது சட்டம். 1971இல் அப்படி ஒரு கையெழுத்தில்தான் அனுமதி இல்லாமல் யாரும் அங்கே இருக்கக்கூடாது என்றார்கள். பிறந்த ஊரில் நிற்பது குற்றம் ஆனது. மருத்துவத்துக்காக மொரீஷியஸ் போனவர்களுக்கு அதற்கு முன்பே திரும்பிப்போகக் கப்பல் இல்லை என்று கைவிரித்திருந்தார்கள்.

2000 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த 1971 சட்டத்தை ரத்து செய்தது. ஒரு நிலப்பகுதியின் "அமைதி, ஒழுங்கு, நல்லாட்சி"க்காகச் சட்டம் செய்யும் அதிகாரம் என்றால் அங்கே மக்கள் ஆளப்பட வேண்டும், அகற்றப்படக் கூடாது என்று நீதிபதி லாஸ் எழுதினார். சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் இதை வாசித்துக் காட்டுவேன். அரசு அப்போது ஏற்றுக்கொண்டது. ஆனால் 2004இல், நாடாளுமன்றத்துக்கே போகாமல் அரசியின் பெயரால் ஆணை பிறப்பித்து மறுபடியும் கதவைச் சாத்தினார்கள். அந்த ஆணைகள் செல்லும் என்று 2008இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 3க்கு 2 என்ற கணக்கில் தீர்த்தது.

அடுத்ததுதான் 2010 காப்பகம். அந்த டிசம்பரில் விக்கிலீக்ஸ் ஒரு அமெரிக்கத் தூதரகத் தந்தியை வெளியிட்டது. 2009 மே மாதம் நடந்த பேச்சு. ஒரு மூத்த பிரிட்டிஷ் அதிகாரி, காப்பகம் வந்தால் தீவுகளில் "மனிதக் காலடித் தடங்களோ மேன் ஃப்ரைடேக்களோ" (ராபின்சன் குரூசோ கதையில் வரும் தீவு வேலைக்காரனின் பெயர், இங்கே ஏளனச் சொல்) இருக்க மாட்டார்கள் என்று சொன்னதாகவும், முன்னாள் குடிகளின் மீள்குடியேற்றக் கோரிக்கை அதனால் முடிந்துபோகும் என்று கருதியதாகவும் அதில் பதிவாகியிருக்கிறது. 1966 கோப்பு ஒன்றிலும் அந்த மக்களை "சில டார்ஜன்கள், மேன் ஃப்ரைடேக்கள்" என்றுதான் குறித்திருந்தார்கள். 43 ஆண்டு கழித்தும் அதே சொல்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தத் தவறான உள்நோக்கத்தோடுதான் காப்பகம் அறிவிக்கப்பட்டது என்ற வாதத்தை 2018இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே, 2015 மார்ச்சில், மொரீஷியஸின் மீன்பிடி உரிமைகளை மதிக்காமல் காப்பகத்தை அறிவித்தது கடல் சட்ட உடன்படிக்கைக்கு முரண் என்று பன்னாட்டு நடுவர் மன்றம் தீர்த்திருந்தது. 2019 பிப்ரவரியில் பன்னாட்டு நீதிமன்றம், மொரீஷியஸிலிருந்து சாகோஸைப் பிரித்ததே சட்டப்படி செல்லாது, பிரிட்டன் சீக்கிரம் வெளியேற வேண்டும் என்று 13க்கு 1 என்று கருத்துரைத்தது. 2025 மே 22 அன்று இரு நாடுகளும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன்படி இறையாண்மை மொரீஷியஸுக்கு, டியேகோ கார்சியா 99 ஆண்டுக் குத்தகைக்கு. மற்றத் தீவுகளில் மீள்குடியேற்றம் செய்ய மொரீஷியஸுக்கு உரிமை உண்டு, டியேகோ கார்சியாவில் கிடையாது.

இன்னொன்று. காப்பகத்தின் எல்லையை வரைந்தபோது டியேகோ கார்சியாவையும் அதைச் சுற்றி மூன்று கடல் மைலையும் வெளியே விட்டுவிட்டார்கள். அமெரிக்கக் கப்பல்கள் பல ஆண்டுகளாக அந்தக் காயலுக்குள் கழிவுநீரை விட்டுவந்தன என்பது 2014இல் வெளிவந்தது. பிரிட்டிஷ் அரசும் மறுக்கவில்லை. அதே டியேகோ கார்சியா 2001லேயே உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம்.


வடம் எழுதியது:

எல்லாம் சரிதான். ஆனால் நம் ஊரிலேயே ஏரி குளம் பார்க்க ஆளில்லை. எங்கேயோ இருக்கும் பிரிட்டன் தீவைப் பற்றி நாம் ஏன் இவ்வளவு பேச வேண்டும்? கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.


வன்னிக்குயில் எழுதியது:

வடம் அண்ணை, நான் சொல்லுறன். என்ர எழுத்து ஊர்ப் பேச்சிலதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

2021 ஒக்ரோபரில கனடாவுக்கு எண்டு வெளிக்கிட்ட ஒரு மீன்பிடிப் படகு நடுக்கடலில தத்தளிச்சது. அதில 89 பேர். எல்லாரும் இலங்கைத் தமிழ்ச் சனம், குழந்தையளும் இருந்தவை. பிரிட்டிஷ் கப்பல் கூட்டிக்கொண்டு போய் இறக்கின இடம் இந்த டியேகோ கார்சியாதான். அந்தத் தீவில அகதியாத் தஞ்சம் கேட்ட முதல் ஆக்கள் அவையள். அகதிகள் உடன்படிக்கை அந்த நிலப்பகுதிக்கு நீட்டப்படேல்லை எண்டது பிரிட்டனின் நிலை. லண்டனில கேட்டால் ஒரு சட்டம், டியேகோ கார்சியாவில கேட்டால் வேற சட்டம். இவையள் கேட்டது இரண்டாவது இடத்தில.

வேலி போட்ட ஒரு முகாம், உள்ள கூடாரங்கள், வாசலில தனியார் காவல். அப்பிடி மூண்டு வருசம். கூடாரத்துக்குள்ள எலி. படுத்திருக்கிற பிள்ளையளுக்குப் பக்கத்தில எலி ஓடினதெண்டு பத்திரிகைக்காரருக்குச் சொல்லியிருக்கினம். அலையாத்தி தங்கச்சி எழுதின 760 மடங்கைப் படிச்சவுடன எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பறவையின்ர முட்டையைத் தின்னுற அதே எலி.

வழக்கு அந்த நிலப்பகுதியின்ர சொந்த உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 2024 ஜூலையில நீதிபதி தீவுக்குப் போக இருந்த நேரம் அமெரிக்காக்காரர் மறிச்சவை. பிறகு செப்ரெம்பரில போய், முகாமையும் பார்த்து, அங்கேயே விசாரிச்சவா. டிசம்பரில தீர்ப்பு: அந்தச் சனத்தைச் சட்டவிரோதமாத் தடுத்து வைச்சிருந்தது. சிறையில இருக்கிற மாதிரி அவைக்குத் தோன்றினதில வியப்பில்லை, பெயர் ஒண்டைத் தவிர அது சிறைதான் எண்டு எழுதினவா. அந்த மாசமே பெரும்பாலான ஆக்களை லண்டனுக்குக் கொண்டு போயிட்டினம்.

இதில நான் சொல்ல வாறது ஒண்டுதான். கேள்வி கேக்கச் சனம் இல்லாத இடமா ஒரு இடத்தை ஆக்கி வைச்சால், அங்க கொண்டு வந்து எதையும் செய்யலாம். பவளத்தையும் அப்பிடித்தான், ஆக்களையும் அப்பிடித்தான்.


வடம் எழுதியது:

அம்மா, மன்னிக்க வேண்டும். 89 பேர் கதை எனக்குத் தெரியாது. தொடர்ந்து படிக்கிறேன்.


குமரிக்காற்று எழுதியது:

நான் தூத்தூர் பக்கம். எங்கள் ஊரில் ஆழ்கடல் தூண்டில்தான் தொழில். சுறா, சூரை. ஒருமுறை போனால் ஒரு மாதம், சில சமயம் அதற்கும் மேலே. மாலத்தீவைத் தாண்டிப் போய் டியேகோ கார்சியா ஆட்களிடம் பிடிபட்ட படகுகள் எங்கள் பக்கத்திலும் உண்டு, இலங்கையில் பேருவளைப் பக்கம் இன்னும் அதிகம். பிடிபட்டால் மீனும் தூண்டிலும் போகும், படகே போனதும் உண்டு. படகு போனால் வட்டி நிற்குமா?

நான் அவர்களை நியாயப்படுத்த வரவில்லை. எல்லை எல்லைதான். சுறா குறைந்துவிட்டது என்பது எங்களுக்குத்தான் முதலில் தெரியும். அப்பா காலத்தில் ஒரு சுறாவைத் தூக்க நாலு பேர் வேண்டும் என்பார். இப்போது வருவதை ஒரு பையன் தூக்கிவிடுகிறான். எங்கேயாவது ஓர் இடத்தில் அதைத் தொடாமல் விட வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

என் வருத்தம் வேறு. 2010க்கு முன்பு அதே கடலில் ஐரோப்பாவின் பெரிய சுருக்குமடிக் கப்பல்களுக்குச் சூரை பிடிக்க உரிமம் விற்றார்கள். அந்தக் காசில்தான் ரோந்துக் கப்பலே ஓடியது. அந்தக் கடல் அவ்வளவுக்கும் ரோந்துக்கு ஒரே ஒரு கப்பல். காப்பகம் வந்ததும் உரிமக் காசு நின்றது, முதல் சில ஆண்டுகள் ஒரு தனியார் அறக்கட்டளை பணம் தந்து ஓட்டினார்கள். அங்கேயே பிறந்த குடும்பங்கள் சாகோஸின் சாலமன், பெரோஸ் பன்யோஸ் தீவுகளில் இருந்திருந்தால் கண்ணும் காதும் அவர்கள்தானே? கடலில் எங்களுக்கு அப்படித்தான் செய்தி வரும். எங்கே யார் வெடி போட்டார்கள், எங்கே புதுப் படகு வந்து நிற்கிறது என்று கரையில் இருப்பவன் சொல்லுவான். கரையில் யாருமே இல்லாத கடலை எப்படிக் காவல் காப்பது?


கூழைக்கடா எழுதியது:

குமரிக்காற்று சொன்னதில் பாதியை ஏற்கிறேன், பாதியை மறுக்கிறேன். நான் பறவை பார்ப்பவன், தெற்கு அட்லாண்டிக் பறவைகள் மேல் பல வருடப் பித்து.

முதலில் மறுப்பு. அந்தக் கடலில் பிரிட்டன் வசமுள்ள தெற்கு ஜார்ஜியாத் தீவைப் பாருங்கள். அங்கே நிலையான குடிமக்கள் கிடையாது. ஆய்வாளர்களும் சில அதிகாரிகளும்தான். ஆனாலும் பிரிட்டன் பகுதிகளில் நடந்த சிறந்த வேலைகளில் ஒன்று அங்கேதான் நடந்தது. திமிங்கில வேட்டைக்காரர்கள், கடல்நாய் (சீல்) வேட்டைக்காரர்கள் கப்பலில் வந்த எலிகள் இருநூறு ஆண்டுகளாகப் பறவைகளைத் தின்றன. 2011 முதல் 2015 வரை மூன்று கட்டமாக ஹெலிகாப்டரில் நச்சுத் தீனி தூவினார்கள். நார்வேக்காரர்கள் விட்டுப்போன கலைமான்களையும் அகற்றினார்கள். 2018இல் எலி இல்லை என்று அறிவித்தார்கள். அங்கே மட்டுமே வாழும் ஒரு நெட்டைக்காலிக் குருவி, எலிக்குப் பயந்து ஓரத் தீவுகளில் ஒண்டிக்கொண்டிருந்தது, இப்போது பெரிய தீவில் கூடு கட்டுகிறது. அதற்கான பணத்தில் பெரும்பகுதி நன்கொடை. எனவே ஊர் இல்லாவிட்டால் பாதுகாப்பே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வேலைக்கு ஆள் போனது. அறிவிப்பு போட்டுவிட்டுக் கதவைச் சாத்தவில்லை. அதோடு, அங்கிருந்து யாரையும் துரத்தவில்லை.

இப்போது ஏற்கும் பகுதி. ட்ரிஸ்டன் டா குன்யா. உலகிலேயே மிகத் தொலைவில் மக்கள் வாழும் ஊர் என்று பெயர். சுமார் 250 பேர், விமானம் கிடையாது, கேப் டவுனிலிருந்து கப்பலில் ஒரு வாரம். 2011 மார்ச்சில் சோயா மொச்சை ஏற்றிய ஒலிவா என்ற கப்பல் பக்கத்து நைட்டிங்கேல் தீவில் மோதி உடைந்தது. எண்ணெய் பரவிப் பெங்குவின்கள் கறுத்துப்போயின. வெளியிலிருந்து உதவிக் கப்பல் வந்து சேர நாளாகும். அதற்குள் ஊரே இறங்கியது. படகில் போய்ச் சுமார் 3,700 பெங்குவின்களைப் பெட்டி பெட்டியாகத் தூக்கி வந்தார்கள். ஊருக்கு இருந்த ஒரே நீச்சல் குளத்தைப் பறவைகளுக்குக் கொடுத்தார்கள். மீன் பிடித்து வந்து கையால் ஊட்டினார்கள். அவ்வளவு பாடுபட்டும் பிழைத்தவை சில நூறுதான். அந்த ஊரின் வருமானமே சிங்கி இறால், எண்ணெயால் அந்தத் தொழிலும் அடிபட்டது. அதே மக்கள்தான் 2020 நவம்பரில் தங்கள் கடலில் 6,87,000 சதுர கி.மீ. பரப்பைக் காப்பகமாக அறிவித்தார்கள். தங்கள் இறால் தொழிலுக்கு வேண்டிய இடத்தைத் தாங்களே அளந்து வைத்துக்கொண்டு மற்றதை மூடினார்கள்.

இரண்டு காப்பகமும் வரைபடத்தில் ஒரே நிறம். ஒன்றை 250 பேர் கூடி முடிவெடுத்தார்கள். இன்னொன்றை, அங்கே பிறந்தவர்களின் சம்மதம் இல்லாமல் லண்டனில் ஓர் அமைச்சர் அறிவித்தார்.

ட்ரிஸ்டனிலும் எல்லாம் வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். அதன் கீழ் வரும் கஃப் தீவில் சுண்டெலி அல்பட்ராஸ் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்கிறது. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. 2021இல் தீவு முழுக்க மருந்து தூவினார்கள். டிசம்பரில் ஒரு கேமராவில் ஒரு சுண்டெலி ஓடியது. அத்தனை வேலையும் போயிற்று.


இன்ஜின் அறை எழுதியது:

கப்பல் இன்ஜினியராக இருந்தவன், இப்போது ஓய்வு. தெற்கு அட்லாண்டிக்கில் பிரிட்டனின் இன்னொரு தீவான செயின்ட் ஹெலினாவில் ஒருமுறை இறங்கியிருக்கிறேன், விமான நிலையம் வருவதற்கு முன்பு. ஜேம்ஸ்டவுன் ஒரு பள்ளத்தாக்கில் செருகி வைத்த மாதிரி இருக்கும். ஊருக்குள்ளிருந்து மலை மேல் ஏற ஒரே நேர்க்கோட்டில் 699 படிகள். பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது கீழே பார்த்தேன், சுற்றிலும் மொட்டைப் பாறை. இது ஒரு காலத்தில் காடு என்றார் கூட வந்த உள்ளூர்க்காரர். நம்பவில்லை.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நம் சென்னையில் கோட்டை கட்டிய அதே கிழக்கிந்தியக் கம்பெனிதான் 1834 வரை அந்தத் தீவையும் ஆண்டது. போர்ச்சுகீசியர் விட்டுப்போன ஆடுகள் பெருகி மரக்கன்றுகளை மேய்ந்து தீர்த்தன. பெரிய மரங்களைத் தோல் பதனிடப் பட்டை உரித்தும், சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகாகவும் முடித்தார்கள். 1709 வாக்கில் ஆளுநர், கருங்காலி மரம் அழிகிறது, ஆடுகளைக் கொல்ல அனுமதி வேண்டும் என்று லண்டனுக்கு எழுதினார். இயக்குநர்கள் பதில்: ஆடுகளைக் கொல்லக்கூடாது, கருங்காலியைவிட ஆடு மதிப்பானது.

அந்தக் குட்டைக் கருங்காலி நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. போயேவிட்டது என்று எழுதிவிட்டார்கள். 1980 நவம்பரில் ஜார்ஜ் பெஞ்சமின் என்ற உள்ளூர்க்காரர், வந்திருந்த ஒரு தாவரவியலாளரோடு போகும்போது, செங்குத்துப் பாறையில் இரண்டு செடிகளைக் கண்டார். அவருடைய சகோதரர் சார்லி அந்தப் பாறையில் இறங்கிப் போய்க் கிளை ஒடித்து வந்தார். அந்த இரண்டு செடியிலிருந்து வளர்த்த கன்றுகள்தான் இன்று தீவெங்கும். ஜேம்ஸ்டவுனில் ஒரு வீட்டு முற்றத்தில் நான் பார்த்தேன். இடுப்பளவு உயரம், அகல இலை, வெள்ளைப் பூ. நாள்பட நாள்படப் பூ இளஞ்சிவப்பாகும் என்று வீட்டுக்கார அம்மா ஒரு பழைய பூவைப் பறித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அந்த அம்மாவுக்குச் செடியின் கதை வரி வரியாகத் தெரியும்.

ஆனால் அங்கேயே செயின்ட் ஹெலினா ஆலிவ் என்ற மரத்தைக் காப்பாற்ற முடியவில்லை. காட்டில் இருந்த கடைசி மரம் 1994இல் செத்தது, வளர்ப்பில் இருந்த கடைசிச் செடி 2003இல் போனது. லண்டன் சுமார் 28 கோடி பவுண்டு போட்டு அங்கே விமான நிலையம் கட்டிக் கொடுத்தது. அதே லண்டன் மலை உச்சியில் மிச்சமிருக்கும் மேகக் காட்டுக்குக் கொடுத்த பணம் அதன் பக்கத்தில் நிற்காது. தீவுக்காரர்களுக்கு விமானம் தேவை, அதில் எனக்கு மறுப்பில்லை. மருத்துவத்துக்குக் கப்பலில் ஐந்து நாள் போக வேண்டியிருந்த ஊர் அது. ஆனால் டீச்சர் எழுதிய அந்த 90 விழுக்காட்டில் பெரும் பங்கு இந்தச் சின்னத் தீவில் இருக்கிறது. பூச்சிகளையும் சேர்த்தால் 500 இனத்துக்கு மேல்.


கருப்பு அங்கி எழுதியது:

இன்ஜின் அறை ஐயா சொன்ன 1709 கடிதம் எனக்குப் புதிது. அதை வைத்து ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆளுநர் தீவில் இருந்ததால் மரம் அழிவது அவர் கண்ணில் பட்டது. முடிவெடுத்தவர்கள் லண்டனில் இருந்தார்கள். அந்த இடைவெளி இன்னும் அப்படியே இருக்கிறது. பசிபிக்கில் உள்ள பிட்கெர்ன் தீவில் ஐம்பது பேர்கூட இல்லை, அவர்களுடைய ஆளுநர் நியூசிலாந்துக்கான பிரிட்டிஷ் தூதர், வெலிங்டனில் இருக்கிறார். பிட்கெர்னைச் சேர்ந்த ஹெண்டர்சன் தீவில் யாரும் குடியில்லை, உலக மரபிடம். அங்கே கரையில் சுமார் 3 கோடியே 77 லட்சம் பிளாஸ்டிக் துண்டுகள் கிடப்பதாக 2017 ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. எல்லாம் வேறு நாடுகளிலிருந்து மிதந்து வந்தவை. ஐம்பது பேர் அதை எப்படி அள்ளுவார்கள்?

ஆனால் உள்ளூர் அரசு இருந்தாலே சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். கரீபியன் பக்கம் உள்ள டர்க்ஸ் கைகோஸ் தீவுகளில் அரசு நிலம் விற்றதில் ஊழல் என்று விசாரணை நடந்து, 2009 முதல் 2012 வரை அங்கே உள்ளூர் அமைச்சரவையைக் கலைத்து லண்டனே நேரடியாக ஆண்டது. கடற்கரை நிலம் ஓட்டல்காரர்களுக்குப் போன இடம் அது. அப்படிப்பட்ட இடத்தில் மேலே ஒருவர் கேட்பதும் தேவைப்படுகிறது. என்ன, அந்தக் கேள்வி நிலத்துக்குக் கொடுக்கும் மரியாதையை மக்களுக்கும் கொடுக்க வேண்டும்.


தாழம்பூ எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்று வகுப்பில் சாகோஸ் பற்றி முழுதாகச் சொன்னேன். ஒரு விஷயத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கடைசியில் சொன்னேன். மக்களை ஏற்றி அனுப்பும்போது அவர்களுடைய நாய்களை, கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குள் அடைத்து, வண்டிப் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். ஆயிரம் நாய் என்று சொல்கிறார்கள். வகுப்பு அமைதியாகிவிட்டது. கொப்பரைக் களத்து வீட்டுப் பெண் மட்டும், "எங்க ஷெட்டுக்குள்ள எங்க நாய்தான் மிஸ் காவலுக்குப் படுத்திருக்கும்" என்றாள். அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மணி அடித்த பிறகு வந்து ஒரு கேள்வி கேட்டாள். அதை அப்படியே உங்களிடம் தருகிறேன். அந்த மக்கள் திரும்பிப் போனால் எலியை ஒழிக்க முடியுமா? ஒழிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?


அலையாத்தி எழுதியது:

முடியும் என்று அவளிடம் சொல்லுங்கள் டீச்சர். சாகோஸிலேயே நடந்திருக்கிறது. 2006இல் ஈகிள் என்ற பெரிய தீவில் முயன்று தோற்றார்கள். 2014இல் பெரோஸ் பன்யோஸில் வாஷ் மரீன் என்ற சின்னத் தீவில் ஜெயித்தார்கள். மருந்து வைப்பது சில வாரம்தான். தென்னம் புதரை வெட்டி நாட்டு மரக்கன்று நடுவதுதான் வருடக்கணக்கில் இழுக்கும் வேலை. தென்னையை வெட்டி, காய் பொறுக்கி, தோப்பைத் துப்புரவாக வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மொரீஷியஸிலும் இங்கிலாந்தில் கிராலி ஊரிலும் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவதற்கு அவர்களில் பலர் தயார்.

இரண்டாம் கேள்விக்குக் கூழைக்கடா சொல்லட்டும், அவருக்குத்தான் தெற்கு ஜார்ஜியா தெரியும்.


கூழைக்கடா எழுதியது:

சொல்கிறேன். கடைசியாக மருந்து தூவிய பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். ஒரு ஜோடி எலி மிச்சமிருந்தாலும் அதற்குள் பெருகிக் கண்ணில் பட்டுவிடும். பிறகு தீவெங்கும் கடித்தால் பல் தடம் தெரியும் மெழுகுக் கட்டிகளை வைத்தார்கள், கேமரா வைத்தார்கள். அதற்கும் மேலே, எலி வாசனை பிடிக்கப் பழக்கிய மூன்று நாய்களைக் கப்பலில் கொண்டு போனார்கள். அவை மாதக்கணக்கில் கரையோரமும் சரிவுமாகத் தீவை மோந்துகொண்டே நடந்தன. ஓர் இடத்தில்கூட நின்று குரைக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் 2018 மே மாதம் அறிவித்தார்கள். அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லுங்கள் டீச்சர்.